சோர்வை அளக்க வந்த பத்தொன்பது கேள்விகள்: பயிற்சி அலுவலக மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

பொருளின் பெயர் கொப்பன்ஹேகன் பேர்ன்அவுட் அளவீடு. பேர்ன்அவுட் என்றால் வேலை அழுத்தத்தால் ஆள் ஓய்ந்து போவது. விலை ஒரு சதமும் இல்லை. ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்தால் முழுக் கேள்வித்தாளும் அடங்கிவிடும். புதுப் போன் வாங்கினாலும் புதுச் சாப்பாட்டுக்கடை திறந்தாலும் எல்லோரும் மதிப்பீடு எழுதுகிறோம். வேலை ஒரு ஆளை என்ன பாடுபடுத்தியிருக்கிறது என்று அளக்க வந்த தாளுக்கும் ஒன்று எழுதலாம் என்று பட்டது.

நான் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. யாழ்ப்பாணத்தில் டொக்டர்மாருக்குப் பயிற்சி நடக்கிற ஓரிடத்தில் அந்தப் பயிற்சியின் கடதாசிப் பக்கத்தைப் பார்க்கிறவள். இடத்தின் பெயர் வேண்டாம். இங்கே ஆஸ்பத்திரி வீதியில் ஒருத்தர் தும்மினால் திருநெல்வேலியில் நின்று சுகம் விசாரிப்பார்கள். மருத்துவ பீடத்தில் படித்து முடித்த பிள்ளை ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். ஆறு மாதம் ஒரு பிரிவு, மற்ற ஆறு மாதம் இன்னொரு பிரிவு. முடிந்தபிறகு வைத்திய நிபுணர் கையெழுத்து வைத்த சான்றிதழ் போனால்தான் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைக்கும். அதற்கு மேல் படிக்கிறவர்கள் கொழும்பில் இருக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் வருவார்கள். அவர்களுக்குச் செய்த பயிற்சியைப் பதிகிற லொக் புத்தகம், முன்னேற்ற அறிக்கை, பரீட்சை விண்ணப்பம், வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கடிதம் என்று தனிக் கணக்கு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போகிற டொக்டர்மாரின் உறுதிப்படுத்தல் கடிதங்களும் எங்கள் தட்டில்தான் விழுகின்றன. இது போதாதென்று வெளியிலிருந்து வருகிற பரீட்சகருக்கு அறை, வாகனம், மரக்கறியா மச்சமா என்ற விசாரணை. நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர் இருக்காது. நிரலை அடித்தது நாங்களாக இருப்போம்.

தாள் எங்கள் கைக்கு வந்த விதம் வேடிக்கையானது. பயிற்சி டொக்டர்மாரின் நல்வாழ்வுக்கென்று அரைநாள் நிகழ்ச்சி ஒன்று வைத்தார்கள். மண்டபம் எடுத்தது நாங்கள். பனர் அடிப்பித்தது நாங்கள். றோல்ஸ் எத்தனை, வடை எத்தனை என்று கடைக்குச் சொன்னது, வளவாளரை ஸ்ரேசனிலிருந்து கூட்டிவர வாகனம் கேட்டுக் கையெழுத்துக்கு அலைந்தது, வரவுத்தாளுக்குக் கோடு போட்டது, எல்லாம் நாங்கள். உள்ளே வளவாளர் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், கதவுக்கு வெளியே நின்று வார்ட்டுகளிலிருந்து வந்த போன்களுக்குப் பதில் சொன்னதும் நாங்கள்தான். அவர் கொண்டு வந்த கேள்வித்தாளில் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சிய வடையோடு அதுவும் எங்கள் அறைக்கு வந்தது. எங்கள் தம்பி ஒருத்தன் வடையைக் கடித்தபடி முதல் கேள்வியைத் தமிழில் சொன்னான்: "எத்தனை தரம் களைப்பாய் உணர்றீங்கள்?"

"உதென்ன கேள்வி," என்றார் ஃபைல் தூக்குகிற அண்ணை. "களைப்பில்லாத நேரம் எப்ப எண்டு கேக்கச் சொல்லு."

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி.

டென்மார்க்கில் தாகே கிறிஸ்டென்சனும் கூட வேலை செய்தவர்களும் உருவாக்கி 2005 இல் வெளியிட்ட தாள் இது. அதற்கு முன்னரே அமெரிக்காவில் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜக்சனும் 1981 இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டிருந்தார்கள். 22 கேள்வி, மூன்று தலைப்பு: உணர்ச்சி வற்றிப் போதல், எதிரில் நிற்பவரை ஆளாக மதியாமல் விலகிப் போதல், சாதித்தோம் என்ற எண்ணம் குறைதல். உலகம் முழுக்கப் பேர் பெற்றது அதுதான். ஆனால் அது காசுக்கு விற்கிற பொருள். பிரின்ரருக்கு ரோனர் ஒன்று வாங்கவே மூன்று விலைமனு கேட்கிற இடத்தில் அது சரிவராது. டென்மார்க்காரர் களைப்பு ஒன்றையே நடுவில் வைத்து, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூன்றாகப் பிரித்தார்கள்: பொதுவான களைப்பு, வேலையால் வந்த களைப்பு, வேலையில் எதிர்ப்படுகிற ஆட்களால் வந்த களைப்பு. முறையே ஆறு, ஏழு, ஆறு கேள்விகள். தாளையும் எல்லோரும் இலவசமாகப் பாவிக்க விட்டார்கள்.

கணக்கு லேசு. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடை; எத்தனை தரம் என்று கேட்டால் எப்போதும் 100, அடிக்கடி 75, சிலவேளை 50, அரிதாக 25, இல்லவே இல்லை என்றால் பூச்சியம்; எவ்வளவு தூரம் என்று கேட்கிற சில கேள்விகளுக்கும் அதே புள்ளிகள்தான். பகுதிவாரியாகக் கூட்டி, கேள்வி எண்ணிக்கையால் பிரித்தால் சரி. ஓய்வு நேரத்தில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருக்கத் தெம்பு மிஞ்சுகிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் புள்ளியைத் தலைகீழாகப் போட வேண்டும். 50 ஐத் தொட்டால் கவனி என்பது பலரும் பின்பற்றுகிற வழக்கம். கல்குலேட்டர் தேவையில்லை, எங்கள் அறையில் இருப்பதற்கு மின்கலமும் இல்லை.

முதல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. களைப்பா, உடம்பு ஓய்ந்துவிட்டதா, மனம் ஓய்ந்துவிட்டதா, இனித் தாங்கேலாது என்று எத்தனை தரம் நினைக்கிறாய், நோய் இலேசாகத் தொற்றிவிடும்போல இருக்கிறதா. காரணம் கேட்பதில்லை. விடியமுதல் எழும்பிப் புட்டவித்து, சாதாரண தரம் எழுதப்போகிற மகளை ரியூசனுக்கு ஏற்றிவிட்டு, அம்மாவுக்குச் சீனி பார்த்துவிட்டுப் பருத்தித்துறை பஸ்ஸில் நின்றபடி வருகிற எங்கள் சின்னக்காவுக்கு, அலுவலகம் தீயாய் எரிந்தாலும் பூந்தோட்டமாய் இருந்தாலும் இந்தப் பகுதி ஒரே புள்ளியைத்தான் காட்டும். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பகுதிப் புள்ளியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இது உதவும். முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால் பிரச்சினை வீட்டுப் பக்கம். இரண்டாவது கூடினால் வேலைப் பக்கம் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பகுதி இந்தத் தாளிலேயே நல்லது. அதிலும் ஒரு கேள்வி: இன்னுமொரு வேலைநாள் கிடக்கிறதே என்று நினைக்கும்போது காலையிலேயே ஓய்ந்து போகிறாயா? எங்கள் அறையில் இதை வாசித்த எல்லோரும் ஒரு கணம் பேனையை நிறுத்தினார்கள். ஏனென்றால் பதில் மாதத்தைப் பொறுத்தது. உள்ளகப் பயிற்சிப் புதுத் தொகுதி வந்து இறங்குகிற நாளை எடுங்கள். காலமை எட்டு மணிக்கு வாசலில் சூட்கேசுகளோடு பிள்ளைகள். பாதிப் பேருக்கு இரவு பஸ் அலுப்பு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவிரவாக வந்த பிள்ளை விடிய நியமனக் கடிதத்தை நீட்டும். அறை, வங்கிக் கணக்கு, அடையாள அட்டைப் பிரதி, மேலதிக நேரக் கொடுப்பனவுப் படிவம், எந்த வார்ட், எந்த நிபுணர், இன்றைக்கே இரவுக் கடமையா என்ற கேள்வி. அதே நாளில் பழைய தொகுதி சான்றிதழுக்கு நிற்கும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பிரின்ரர். அந்தக் கிழமை இந்தக் கேள்வித்தாளைத் தந்தால் என் புள்ளி தாளை விட்டு வெளியே பாய்ந்திருக்கும். இரண்டு மாதம் கழித்துத் தந்தால் நல்ல பிள்ளையாகச் சிலவேளை என்று குறிப்பேன்.

இங்கேதான் தாளின் முதல் பெருங்குறை. எந்தக் காலத்தை நினைத்து விடை எழுதுவது என்று அது சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல்வாழ்வுத் தாள் ஒன்று இருக்கிறது. அதுவும் இலவசம். கடந்த இரண்டு கிழமையை மட்டும் நினைத்து எழுது என்று அது தெளிவாகச் சொல்லிவிடும். பூச்சியத்திலிருந்து ஐந்து வரை விடை, கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். அதில் புள்ளி குறையக் குறையத்தான் கவலை. எங்கள் வேலையைப் போலப் பருவத்துக்குப் பருவம் மாறுகிற வேலைக்கு அந்த ஏற்பாடுதான் சரி. கொப்பன்ஹேகன் தாளைப் பாவிக்கிறவர்கள் மேலே பென்சிலால் மாதத்தையும், அந்த மாதம் என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். பரீட்சை, புதுத் தொகுதி, நல்லூர்த் திருவிழா என்று. திருவிழாவைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. 25 நாள் கோவில் சுற்றாடல் வீதியெல்லாம் மூடிக் கிடக்க, தேருக்கும் தீர்த்தத்துக்கும் எல்லோரும் லீவு கேட்க, கடமை றோஸ்டரைச் சமப்படுத்துகிற வேலை கடைசியில் எங்களிடம் வந்து நிற்கும். வெசாக்குக்கு வீட்டுக்குப் போன சிங்களப் பிள்ளைகள் தேருக்கு நின்று தருவார்கள். இந்த ஏற்பாடு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எங்கள் மேசையில் பேசிச் செய்ததுதான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைக் குறிக்க இந்தத் தாளில் ஒரு கட்டம் கூட இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் பகுதிக்கு வருவோம். நான் இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இதில் ஆறு கேள்வியும் நீ யாருக்காக வேலை செய்கிறாயோ அவர்களைப் பற்றியவை. அவர்களோடு வேலை செய்வது கஷ்டமா, எரிச்சலா, சக்தியை உறிஞ்சுகிறதா, வாங்குவதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறாயா, அவர்களோடு வேலை செய்து அலுத்துவிட்டதா, இன்னும் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பேன் என்று யோசிக்கிறாயா. நோயாளி, மாணவர், கைதி, உன் வேலைக்கு யார் பொருத்தமோ அவர்களைப் போட்டுக்கொள் என்று தயாரித்தவர்களே இடம் விட்டிருக்கிறார்கள். நேர்ஸுக்கு நோயாளி. ரீச்சருக்குப் பிள்ளை. எங்களுக்கு யார்?

முதலில் எல்லோரும் பயிற்சி டொக்டர்மாரைத்தான் போட்டோம். புள்ளி மிகக் குறைய வந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில், "அக்கா, நாளைக்கு ஒரு அரை நாள் லீவு எடுக்கேலுமே, சேரிட்டக் கேக்கப் பயமாக் கிடக்கு" என்று குரல் செய்தி வரும்தான். எரிச்சலும் வரும். ஆனால் அதே பிள்ளை பகுதிப் பரீட்சையில் தேறினால் முதல் போன் அம்மாவுக்கு, இரண்டாவது எங்களுக்கு. தெற்கே காலியிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை கைக்குழந்தையோடு வாடகை அறை கிடைக்காமல் நின்றபோது, சின்னக்கா கொக்குவிலில் தன் சொந்தக்காரர் வீட்டு மேல்மாடியை எடுத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் அந்தப் பிள்ளை "அக்கே" என்று கூப்பிட்டுப் படம் அனுப்பும். இவர்களோடு வேலை செய்து அலுத்துவிட்டதா என்ற கேள்விக்கு அரிதாக என்று எழுதத்தான் மனம் வரும்.

பிறகு அதே ஆறு கேள்வியை நிபுணர்மாரைப் போட்டு நிரப்பினோம். இது தாளில் சொல்லாத பாவனை, பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி ஏறியது. ஏறிய இடமும் எல்லோருக்கும் ஒன்றுதான்: கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் கணக்குப் பார்க்கிற அந்தக் கேள்வி.

அதற்குக் காரணம் கையெழுத்து. ஒரு பிள்ளையின் சான்றிதழில் கையெழுத்து வைக்க வேண்டியவர் காலமை கிளினிக்கில். போனால், "பிறகு வாங்கோ." மத்தியானம் ஒப்பரேசன் தியேட்டர். வெளியே கதிரையில் இருந்தால், உள்ளே போன நேரம் தெரியும், வருகிற நேரம் ஆண்டவனுக்குத்தான் தெரியும். பின்னேரம் தனியார் சனலிங். அங்கே போனால் நோயாளிகள், வரிசையைத் தாண்டி ஃபைலோடு போகிற ஆளை முறைப்பார்கள். அவரிலும் பிழை சொல்லேலாது. ஒரு நாளில் அவர் பார்க்கிற ஆட்கள் அவ்வளவு. ஆனால் திகதி தாண்டினால் மேலிடத்திலிருந்து வருகிற கடிதம் அவருக்கு வராது. "தாமதத்துக்கு விளக்கம் தரவும்" என்று எனக்கு வரும். கையெழுத்து வைக்கிற அதிகாரம் எனக்கில்லை, வைக்கச் சொல்லி வற்புறுத்துகிற அதிகாரமும் இல்லை, விளக்கம் எழுதுகிற பொறுப்பு மட்டும் இருக்கிறது.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கர் 1979 இல் இதைத்தான் எழுதினார்: வேலைச் சுமை மட்டும் ஆளை முறிப்பதில்லை, சுமை கூடி, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை குறைந்தால்தான் முறிக்கும் என்று. நிபுணருக்கு எங்களைவிடச் சுமை கூட. ஆனால் இன்றைக்கு எதை முதலில் செய்வது என்பது பெரும்பாலும் அவர் கையில். எங்கள் நாள் யாருடைய போன் முதலில் வருகிறதோ அவர் கையில்.

மூன்றாவதாக மேலிடங்களைப் போட்டும் நிரப்பிப் பார்த்தோம். அதை விரிவாக எழுத விருப்பமில்லை. மூன்று நிறுவனம், மூன்று வடிவத்தில், ஒரே விவரத்தைக் கேட்கும். அவ்வளவுதான்.

ஆக, மூன்றாம் பகுதியை ஒருமுறை மட்டும், அதுவும் பயிற்சி டொக்டர்மாரை மட்டும் வைத்து நிரப்பியிருந்தால் எங்கள் அலுவலகம் சொர்க்கம் என்று முடிவு வந்திருக்கும். பயிற்சி நிர்வாகத்தில் இருப்பவர்களை அளக்கிற எவரும் இதைக் கவனிக்க வேண்டும். எங்களிடம் நேரே வந்து நிற்கிறவர்கள் எங்களைக் களைக்க வைக்கிறவர்கள் இல்லை. பெரும்பாலும் அவர்களால்தான் வேலையில் நிற்கிறோம்.

அந்த நிற்கிற காரணத்தை அளக்க இந்தத் தாளால் முடியாது. அதற்கு வேறு தாள் வேண்டும். போல் ஸ்பெக்ரர் 1985 இல் வெளியிட்ட வேலைத் திருப்திக் கேள்வித்தாளை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 36 கேள்வி, சம்பளம், பதவி உயர்வு, மேலாளர், சலுகைகள், பாராட்டு, நடைமுறைகள், கூட வேலை செய்கிறவர்கள், வேலையின் தன்மை, தகவல் தொடர்பு என்று ஒன்பது தலைப்பு, தலைப்புக்கு நான்கு. வியாபாரத்துக்கு இல்லாமல் பாவித்தால் இதற்கும் காசில்லை. மொத்தம் 36 க்கும் 216 க்கும் இடையில் வரும். மொத்தத்தைப் பாராதீர்கள், தலைப்புத் தலைப்பாகப் பாருங்கள். எனக்குக் கடதாசி வேலை மிதமிஞ்சி இருக்கிறது என்று ஒரு வாசகம் வரும். கடதாசியே வேலையான ஆளிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வது? செய்கிற வேலையில் பெருமை உண்டு என்று இன்னொன்று. அதற்கு முழுப் புள்ளி. நன்றாகச் செய்தால் கிடைக்க வேண்டிய பாராட்டுக் கிடைக்கிறது என்று ஒன்று. அதைத் தாண்டிப் போவோம்.

பதவி உயர்வுக்கு வரும்போது தாள் சரியான இடத்தில் குத்துகிறது. எங்களைப் போன்ற அரச முகாமைத்துவ சேவைக்காரருக்கு ஏணி இருக்கிறது: தரம் மூன்று, இரண்டு, ஒன்று, இடையில் தடைதாண்டற் பரீட்சைகள். பரீட்சையில் கேட்பது பொதுவான அலுவலக முறையும் கணக்கும். லொக் புத்தகத்தில் எந்தப் பக்கம் விடுபட்டால் பிள்ளையின் பரீட்சை விண்ணப்பம் திரும்பி வரும் என்று அறிந்தவளுக்கு அங்கே ஒரு புள்ளியும் கூடாது. இடமாற்றம் வந்தால் அந்த அறிவோடு காணிப் பதிவுக்குப் போவாள். அங்கே அது செல்லாது. இங்கே புதிதாக வருகிறவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார், அதன் விலையைப் பிள்ளைகள் கொடுப்பார்கள்.

அமெரிக்காவில் இதே வேலைக்குப் பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று பதவி இருக்கிறது. அங்கே பட்டப்பின் மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் கொடுக்கிற சபை ஒவ்வொரு பயிற்சித் திட்டத்திலும் அப்படி ஒருவர் இருந்தேயாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இந்த நிர்வாகிகளுக்கென்றே தனிச் சான்றிதழ்ப் பரீட்சை நடத்துகிற அமைப்பும் உண்டு. அதற்காக அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நினைக்கவேண்டாம். அதே சபை 2017 இல் நல்வாழ்வு பற்றி ஒரு பகுதியைத் தன் விதிகளில் சேர்த்தபோது, அதில் பேசப்பட்டவர்கள் பயிலும் டொக்டர்மாரும் கற்பிக்கும் டொக்டர்மாரும்தான். அந்த நல்வாழ்வு நிகழ்ச்சிக்கு அங்கேயும் யாரோ ஒருத்தி மண்டபம் எடுத்திருப்பாள்.

இது புதுக் கதையுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் இருந்து எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. அந்தப் பெடியளின் வரவையும் பரீட்சையையும் எழுதி வைத்த கை யாருடையது என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. எழுதாமல் நடந்திருக்காது.

சரி, பாவனை அனுபவம். சின்ன அலுவலகத்துக்கு இந்தத் தாளில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டிருக்கும். ஒரு அறையில் இருக்கிற கொஞ்சப் பேரில், சரி போடுகிற விதத்திலேயே ஆளைப் பிடித்துவிடலாம். சின்னக்கா பச்சை மைப் பேனை, தம்பி பென்சில். ஆகவே நிரப்பிய தாளை மேலே அனுப்பவே கூடாது. நாங்கள் செய்தது, ஆளாள் புள்ளியைத் தங்களோடு வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விகளில் எல்லோருக்கும் ஏறியது என்பதை மட்டும் வாயால் பேசினோம். அதைப் பொறுப்பாக இருக்கிற சேரிடம் கொண்டு போனது நான்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உது டொக்டர்மாருக்கெல்லோ?" என்றார்.

"தாளில அப்பிடி ஒண்டும் போடேல்லை சேர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கையெழுத்துத்தானே பிரச்சினை? புதன்கிழமை கொன்பரன்ஸ் முடிய எல்லாரும் ஒரு இடத்தில நிப்பினம். அங்க கொண்டாங்கோ. நான் சொல்லிவிடுறன்," என்றார்.

அன்றிலிருந்து புதன்கிழமை மத்தியானம் ஒரு மேசை, ஒரு பேனைக் கட்டு, ஃபைல்கள். எல்லோரும் வருவதில்லை, பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். தியேட்டர் வாசல் கதிரையில் நான் இருப்பது குறைந்துவிட்டது. இரண்டாவது பிரின்ரர் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. இடமாற்றம், பதவிப் பெயர், ஏணி ஆகியவை சேரின் கையிலும் இல்லை. கேள்வித்தாள் அவ்வளவு தூரம் எட்டாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு காலமும் நாங்கள் முறைப்பாடு சொன்னால், "எல்லா இடமும் அப்பிடித்தான் பிள்ளை" என்று முடித்துவிடுவார்கள். அல்லது யோகா வகுப்பின் நேரத்தைச் சொல்வார்கள். தாளில் கேள்வி எண்ணைக் காட்டிப் பேசினால் பேச்சு மாறுகிறது. அதோடு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பையும் கையில் வைத்திருங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது பேர்ன்அவுட்டை நோய்களுக்குள் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளாத வேலையிட அழுத்தத்தால் வருகிற, தொழில் சார்ந்த நிலை என்று வைத்திருக்கிறது. கையாள வேண்டியது யார் என்ற கேள்வி அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கிறது, நாங்கள் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பீடங்களில், ஆஸ்பத்திரிப் பயிற்சிப் பிரிவுகளில், நேர்ஸிங் கல்லூரி அலுவலகங்களில் இருக்கிற எவருக்கும். தனியாக நிரப்பாமல் ஒரு தேத்தண்ணி நேரத்தில் சேர்ந்து நிரப்புங்கள், அப்போதுதான் களைப்பு உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று தெரியும். தலைமைப் பதவியில் இருப்பவர்கள் இதை வேலைக்காரரைத் தரம் பிரிக்கப் பாவிக்கப் போகிறார்களென்றால் தயவுசெய்து தொடவேண்டாம். அடுத்த முறை எல்லோரும் அரிதாக என்றே எழுதுவார்கள். முதல் பகுதியில் இனித் தாங்கேலாது என்ற கேள்விக்கு யாராவது எப்போதும் என்று எழுதினால் கூட்டல் கழித்தலை விட்டுவிட்டு அந்த ஆளோடு இருந்து கதையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

புள்ளி போடச் சொன்னால், இரண்டாம் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து. முதல் பகுதிக்கு மூன்று. மூன்றாம் பகுதி, சொன்னபடி ஒருமுறை மட்டும் நிரப்பினால் இரண்டு, ஆட்களை மாற்றி மாற்றி நிரப்பினால் ஐந்து. காலத்தைச் சொல்லாததற்கு மொத்தத்தில் ஒன்று குறைக்கிறேன். ஸ்பெக்ரரின் தாளையும் சேர்த்தே பிறின்ட் எடுங்கள். வேறு வேறு நாளில் நிரப்புங்கள், ஒரே இருப்பில் 55 கேள்வி என்றால் கடைசிப் பத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் சரி போடுவீர்கள். ஆங்கிலம் சிரமப்படுகிறவர்கள் இருந்தால் ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்ல மற்றவர்கள் குறித்துக்கொள்ளலாம், எங்கள் அறையில் அப்படித்தான் செய்தோம். புதுத் தொகுதி வருகிற கிழமையில் மட்டும் வேண்டாம்.